அந்த பிரஷ் பட்டனைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தை விடாமல் படிக்கிறவள் நான். எந்தப் படிப்புக்கு எங்கே வேலை, செயற்கை நுண்ணறிவு படித்தால் என்ன ஆகலாம் என்றெல்லாம் வாரம் தவறாமல் வருகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் பிள்ளைகள் நிஜமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் செய்கிற வேலை பவர்பாயின்ட் ஸ்லைடு. ஒரு பாக்ஸுக்குப் போட்ட நிறம், ஓரக்கோடு, எழுத்தின் அளவு எல்லாவற்றையும் அடுத்த பாக்ஸுக்கு அப்படியே கொண்டுபோக அந்த மென்பொருளிலேயே பிரஷ் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது தெரியாது. யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சின்ன விஷயம் என்று ஒதுக்காமல் இதைப் பிரசுரிக்க வேண்டுகிறேன்.

காரைக்குடியில் கல்லுக்கட்டிக்குப் பக்கத்தில் கணினி மையம் நடத்துகிறேன். மாமனார் காலத்தில் அது தட்டச்சுப் பயிலகம். இன்றும் முன் அறையில் மெஷின்கள் இருக்கின்றன, லோயர், ஹையர் பரீட்சைக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற ஆபீஸ் ஆட்டோமேஷன் தேர்வுக்கும் பயிற்சி கொடுக்கிறோம். மற்ற நேரமெல்லாம் ஜாப் வேலை. இந்த ஊரில் 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி இருக்கிறது, 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதனால் ஆய்வு மாணவர்களுக்குக் குறைவில்லை. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கமிருந்தும் வருவார்கள். தீசிஸ் டைப்பிங், வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு ஸ்லைடு, கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் அதற்குப் படத்தொகுப்பு, இப்படி.

வைவாவுக்கு முதல் நாள் ஒரு பெண் வந்து என் கணினியில் உட்கார்ந்தது. ஆய்வின் படிநிலைகளைக் காட்டும் ஃப்ளோ சார்ட். முதல் பாக்ஸைப் பார்த்துப் பார்த்து அழகாகச் செய்திருந்தது. வெளிர் பச்சை நிறம், கரும்பச்சை ஓரம், ஓரத்தின் கனம் இரண்டேகால் பாயின்ட், லேசாக நிழல், எழுத்து கறுப்பில் பதினெட்டு. அடுத்த பாக்ஸை வரைந்ததும் வழக்கம்போல அது நீலமாக வந்து நின்றது. திரும்ப ஃபில், மோர் கலர்ஸ், கட்டத்தில் கர்சரை நகர்த்தி அந்தப் பச்சையைக் கண்ணால் தேடுவது. பிறகு அவுட்லைன், வெயிட், எஃபெக்ட்ஸ், ஷேடோ. பிறகு எழுத்து. அதற்குப் பிறகு மூன்றாவது பாக்ஸ். கண்ணால் தேடிய பச்சை ஒவ்வொன்றிலும் ஒரு இழை மாறிக்கொண்டே வந்தது. திரையில் தெரியாது, புரொஜெக்டரில் போட்டால் பளிச்சென்று தெரியும். முனைவர் பட்டத்துக்கு வேதியியலில் அத்தனை உழைத்த பிள்ளை, பாக்ஸுக்கு நிறம் தேடி இரவைக் கழித்துக்கொண்டிருந்தது. எனக்கு மனசு பொறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

ஹோம் டேபில் இடது ஓரம், கட், காப்பி இவற்றுக்குக் கீழே சின்ன பெயின்ட் பிரஷ் படம் ஒன்று இருக்கும். ஃபார்மட் பெயின்டர் என்று பெயர். நன்றாகச் செய்த பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, அந்த பிரஷை ஒரு கிளிக், மாற்ற வேண்டிய பாக்ஸின் மேல் ஒரு கிளிக். நிறம், ஓரம், நிழல், எழுத்துரு, எழுத்தின் அளவு எல்லாம் போய் உட்கார்ந்துவிடும். உள்ளே எழுதியிருக்கிற வார்த்தை மாறாது. வட்டம் வட்டமாகவே இருக்கும், சதுரம் சதுரமாகவே இருக்கும். அகலம், உயரம், இருக்கிற இடம் எதையும் அது தொடாது. பிரஷை இரட்டை கிளிக் செய்தால் கையிலேயே நிற்கும். வரிசையாக ஒவ்வொரு பாக்ஸாகத் தட்டிக்கொண்டே போகலாம், போதுமென்றால் எஸ்கேப்.

விசைப்பலகையில் பழகியவர்களுக்கு இன்னும் சுலபம். நான் வேலை செய்கிற பவர்பாயின்டில் கன்ட்ரோல் ஷிஃப்ட் சி தட்டினால் தோற்றத்தை எடுத்துக்கொள்ளும், கன்ட்ரோல் ஷிஃப்ட் வி தட்டினால் போடும். இருபது பாக்ஸை மவுஸால் வளைத்துப் பிடித்து ஒரே தட்டில் மாற்றிவிடலாம். கூகுள் ஸ்லைட்ஸில் ஷிஃப்டுக்குப் பதில் ஆல்ட், படமும் பிரஷுக்குப் பதில் ரோலர். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸில் குளோன் ஃபார்மட்டிங் என்று இருக்கும், அங்கேயும் இரட்டை கிளிக்தான். அனிமேஷனை இது கொண்டுபோகாது. அதற்கு பவர்பாயின்டில் 2010 பதிப்பிலிருந்து அனிமேஷன் பெயின்டர் என்று தனியே ஒரு பட்டன் உண்டு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். எழுத்துக்குள்ளே கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் எழுத்தின் தோற்றம்தான் வரும், பாக்ஸின் நிறம் வராது. பாக்ஸின் ஓரக்கோட்டில் கிளிக் செய்து, சுற்றியிருக்கிற கோடு விட்டுவிட்டு இல்லாமல் முழுக்கோடாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். "நான் செஞ்சு பாத்தேன், வரலியே ஆன்ட்டி" என்று வருகிற பிள்ளைகளுக்கு அனேகமாக இங்கேதான் சிக்கல்.

இதைச் சொன்னால், "பாக்ஸையே காப்பி செய்து உள்ளே இருப்பதை அழித்து மாற்றி எழுதினால் போயிற்று, இதற்கு எதற்கு பிரஷ்?" என்று கேட்பார்கள். எல்லோரும் செய்வது அதுதான். அதில் இருக்கிற ஆபத்தை எங்கள் செட்டிநாட்டு வேலை ஒன்றை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

சாந்திக்கும், முன்னோரை வணங்குகிற படைப்புக்கும் பங்காளிகள் கூடும்போது வம்சாவளியைத் திரையில் போட்டுக் காட்டுவது இப்போது வழக்கமாகி வருகிறது. மேலே பாட்டையா, அவருக்குக் கீழே பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள் என்று கிளை விரியும். எங்கள் பக்கத்தில் ஐயா பெயரைப் பேரனுக்கு இடுவார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும், ஒரே ஐயாவின் பெயரைப் பேரன்மார் மூன்று பேர் வைத்திருப்பார்கள். ஆச்சிமார் பெயரும் அப்படித்தான் திரும்பத் திரும்ப வரும். இந்தப் படத்தில் பாக்ஸைக் காப்பி செய்து பெயரை மாற்றி எழுதிக்கொண்டு போகிறவர் ஒரே ஒரு பாக்ஸில் பழைய பெயரை மாற்ற மறந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வேறு வீட்டில் என்றால் அப்பா பெயர் பிள்ளையின் இடத்தில் நிற்பதைப் பார்த்த உடனே தப்பு என்று தெரியும். இங்கே அந்தப் பெயர் அந்த இடத்தில் இருப்பது இயல்பாகவே தெரியும். பிழை திருத்துகிற பெரியவரும் சரி என்று சொல்லிவிடுவார். அது பிரிண்ட் போட்டு, லேமினேட் ஆகி, பங்காளிகள் வீடு வீடாகப் போய், அடுத்த தலைமுறைக்கு அதுவே ஆதாரமாகிவிடும்.

அதனால் எங்கள் மையத்தில் ஒழுங்கு ஒன்று வைத்திருக்கிறோம். முதலில் எல்லா பாக்ஸையும் வெறும் நீலமாகவே வரைந்து பெயர்களை மட்டும் அடிப்பது. குடும்பத்துப் பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வாசித்துக் காட்டுவது. அவர் ஒப்புக்கொண்ட பிறகு யாரும் பெயரில் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் தோற்றம். காலமானவர்களுக்குச் சந்தன நிறம், இருக்கிறவர்களுக்கு வெளிர் பச்சை, சுவீகாரம் வந்தவர்களுக்கு ஓரக்கோடு விட்டுவிட்டுப் புள்ளிக்கோடாக, இப்படி மாதிரி பாக்ஸ்களை ஸ்லைடின் ஓரத்தில் செய்து வைத்துக்கொண்டு பிரஷால் எடுத்து எடுத்துப் போடுவது. பிரஷ் எழுதியிருக்கிற வார்த்தையைத் தொடாது என்பதால் ஒப்புக்கொண்ட பெயர் ஒப்புக்கொண்டபடியே இருக்கும். பெரியவர்கள் வந்து, "அந்த அண்ணன் இப்ப இல்லைத்தா, போன ஐப்பசியில தவறிட்டாரு" என்று சொன்னால் ஒரு கிளிக், ஒரு தட்டு. பச்சை சந்தனமாகிவிடும்.

ஆத்தங்குடிக்குப் போய்த் தரையில் பதிக்கிற பூக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கண்ணாடியின் மேல் பூ அச்சை வைத்து ஒவ்வொரு கண்ணறைக்குள்ளும் வண்ணக் கலவையை ஊற்றி அச்சைத் தூக்கிவிடுவார்கள், அதன் மேல் சிமென்டும் மணலும். அச்சு அதேதான், ஊற்றுகிற வண்ணம்தான் வீட்டுக்கு வீடு மாறும். வடிவம் தனி, வண்ணம் தனி என்று அங்கே வேலை செய்கிற பிள்ளைக்குக் கை அறியும். கணினி வகுப்பில் பாக்ஸ் வரையக் கற்றுக்கொடுக்கிறோம், வண்ணம் போடக் கற்றுக்கொடுக்கிறோம், இரண்டும் தனித்தனி என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

இதுவரை சொன்னது எந்த மொழியில் ஸ்லைடு செய்கிறவருக்கும் பொருந்தும். தமிழில் செய்கிறவருக்குக் கூடுதலாக ஒரு வில்லங்கம் இருக்கிறது. நான் இந்தக் கடிதம் எழுத உண்மையான காரணம் அதுதான்.

பிரஷ் நிறத்தை மட்டும் எடுத்துப்போவதில்லை, எழுத்துருவையும் சேர்த்து எடுத்துப்போகிறது. நம்மிடம் இன்னும் பாமினி முதலான பழைய எழுத்துருக்கள் உயிரோடு இருக்கின்றன. பாமினியில் அடித்த தமிழ், கணினியின் கணக்கில் தமிழே இல்லை. "அம்மா" என்று திரையில் தெரிவதற்குப் பின்னால் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு என்ற சட்டை மட்டும் அதைத் தமிழாகக் காட்டுகிறது. யூனிக்கோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிகிற முறையில், செய்த பாக்ஸிலிருந்து தோற்றத்தை எடுத்து, பாமினியில் அடித்த பாக்ஸின் மேல் போட்டால் அந்தச் சட்டை கழன்றுவிடும். தமிழ் போய் அந்த ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். பிள்ளை பதறிப்போய் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கும். ஒன்றும் அழியவில்லை, எழுத்துரு மட்டும் மாறியிருக்கிறது, கன்ட்ரோல் இசட் போட்டால் திரும்பிவிடும் என்று சொல்ல ஆள் இருக்காது.

எதிர்த்திசையிலும் இதே தொல்லை. பாமினி பாக்ஸிலிருந்து யூனிக்கோடு பாக்ஸுக்குப் போட்டால் தமிழ் தப்பித்துக்கொள்ளும். காரணம், பாமினிக்குள் யூனிக்கோடுத் தமிழுக்கு எழுத்தே கிடையாது, கணினி வேறு எழுத்துருவை எடுத்துக் காட்டிவிடும். ஆனால் அதே பாக்ஸில் இருக்கிற ஆங்கிலச் சொற்கள் அத்தனையும் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். வேதிப்பொருளின் பெயர், கருவியின் பெயர், வழிகாட்டியின் பட்டம், எல்லாம். இதை வைவா மேடையில் புரொஜெக்டரில் முதல் தடவை பார்த்த மாணவர்கள் உண்டு.

வெளிமாவட்டக் கல்லூரி ஒன்று தன் மாணவர்களுக்குக் கொடுத்திருக்கிற ஸ்லைடு டெம்ப்ளேட் என் கைக்கு வந்தது. பெயர் வேண்டாம். கல்லூரியின் பெயரும் துறையின் பெயரும் பழைய எழுத்துருவில் அடித்திருக்கிறது. "இந்த டெம்ப்ளேட்டின் தோற்றத்தை மாற்றக் கூடாது" என்று அறிவுறுத்தல் வேறு. மாணவர் கைபேசியில் யூனிக்கோடில் அடித்துக்கொண்டு வருகிறார். தோற்றம் ஒன்றுபோல இருக்க வேண்டுமே என்று டெம்ப்ளேட்டிலிருந்து பிரஷால் எடுத்துப் போடுகிறார். சொன்னதைச் சரியாகச் செய்கிற பிள்ளைக்குத்தான் இங்கே கெடுகிறது. 2010-ஆம் ஆண்டிலேயே யூனிக்கோடைத் தமிழக அரசு தரமாக ஏற்று ஆணையிட்டாயிற்று. விண்டோஸின் 2000 பதிப்பிலேயே லதா என்ற தமிழ் எழுத்துரு வந்துவிட்டது, பிறகு நிர்மலாவும் வந்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கிற யூனிக்கோடு எழுத்துருக்கள் ஏராளம். இன்னும் பழையதில் டெம்ப்ளேட் கொடுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை என்று அழுத்தமாகவே சொல்கிறேன். அச்சகங்களுக்குப் பழைய எழுத்துரு தேவைப்படலாம், அவர்கள் தொழில் வேறு. மாணவரிடம் கொடுக்கிற கோப்பில் அது இருக்கக் கூடாது.

இன்னொன்று, அனுபவப்பட்ட ஆசிரியர்களே கவனிக்காதது. பவர்பாயின்ட் கோப்புக்குள் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவும் தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு எழுத்துருவும் தனித்தனியாகப் பதிவாகின்றன. தமிழுக்கு என்று எதுவும் சொல்லாவிட்டால் ஆபீஸ் தீமில் (கோப்போடு வருகிற நிறம், எழுத்துருத் தொகுப்பு) இருக்கிறபடி லதா வந்துவிடும். மேலே பட்டியலில் ஓர் ஆங்கில எழுத்துருவின் பெயர் தெரியும், பாக்ஸுக்குள் தமிழ் லதாவில் இருக்கும். பிரஷ் போட்டும் இரண்டு பாக்ஸின் தமிழ் ஒன்றுபோல இல்லையே என்று தோன்றினால், தமிழை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கென்று ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுத்துவிட்டு, பிறகு அந்த பாக்ஸிலிருந்து பிரஷை எடுக்க வேண்டும். வரிசை முக்கியம். முதலில் மாதிரியைச் சரி செய், பிறகு எடு.

பிரஷைப் பெரிதாகச் சொல்கிறேனே தவிர, அதற்கும் எல்லை உண்டு. அது அந்த நேரத்துத் தோற்றத்தை எடுத்துப் போடுவதோடு சரி, இரண்டு பாக்ஸுக்கும் நடுவே தொடர்பு எதையும் வைப்பதில்லை. வழிகாட்டி கடைசி நேரத்தில், "பச்சை வேண்டாம்மா, நீலமாக மாற்று" என்று சொன்னால் மாதிரி பாக்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. மற்றவை பச்சையாகவே நிற்கும், திரும்ப எல்லாவற்றுக்கும் போட வேண்டும். அதற்கு வழி, முதலிலேயே நிறப் பட்டியலில் மேல் பகுதியில் இருக்கிற தீம் நிறங்களில் ஒன்றைப் பயன்படுத்துவது. பிறகு தீமின் நிறத் தொகுப்பை மாற்றினால் எல்லா பாக்ஸும் சேர்ந்து மாறும். மோர் கலர்ஸில் போய்த் தேடி எடுத்த நிறம் அப்படி மாறாது. அந்த ஸ்லைடு கோப்பு முழுவதற்கும் ஒரே தோற்றம் போதுமென்றால் நன்றாகச் செய்த பாக்ஸில் வலது கிளிக் செய்து, செட் ஆஸ் டீஃபால்ட் ஷேப் என்பதைக் கொடுத்துவிடலாம். அதற்குப் பிறகு வரைகிற பாக்ஸ் எதுவும் நீலமாக வந்து நிற்காது.

இந்த ஒரு விஷயத்தில் இம்ப்ரெஸ் பவர்பாயின்டைவிட மேல் என்பது என் கருத்து. எஃப் 11 அழுத்தினால் ஸ்டைல்ஸ் பலகை திறக்கும். "காலமானவர்", "சுவீகாரம்" என்று நாமே பெயரிட்டு ஒரு ஸ்டைலை வைத்துக்கொண்டு பாக்ஸ்களுக்குக் கொடுத்துவிட்டால், பிறகு ஸ்டைலை ஒரே இடத்தில் மாற்றினால் அந்தப் பெயருள்ள பாக்ஸ்கள் எல்லாம் மாறிவிடும். நம் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் ஓபன் ஆபீஸ் இம்ப்ரெஸ்தான் பாடம். மென்பொருள் இலவசம், பாடமும் இருக்கிறது. ஆனால் என்னிடம் வருகிற பிள்ளைகள் மெனுக்களின் பெயரை ஒப்பிக்கிறார்கள், ஒரே ஒரு பாக்ஸின் தோற்றத்தைக்கூட இன்னொன்றுக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம், ஒரு கணினிக்கு நாலு பிள்ளைகள் என்றால் ஆசிரியர்தான் என்ன செய்வார்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் ஸ்லைடுக்குள் எழுத்து பறந்து வருவதற்கும் சுழன்று வருவதற்கும் செலவழிகிற அந்த நேரத்தில் கால் மணியை இதற்குக் கொடுக்கலாம்.

செய்முறைக்கு ஒன்று சொல்கிறேன், விரும்பும் ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளட்டும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்று நகரத்தாருக்கு ஒன்பது நகரக் கோயில்கள். ஒன்பது பாக்ஸ், ஒன்பது பெயர், எல்லாம் வெறும் நீலத்தில். ஒரே ஒரு பாக்ஸை மட்டும் பிள்ளை தன் விருப்பப்படி அழகு செய்யட்டும். மீதி எட்டையும் பிரஷால் மாற்றச் சொல்லுங்கள். பெயர் ஒன்றும் மாறக் கூடாது. அது முடிந்ததும் ஒரு பாக்ஸில் ஆசிரியரே வேண்டுமென்று பழைய எழுத்துருவில் அடித்து வைத்து, அதன் மேல் பிரஷ் போடச் சொல்லுங்கள். தமிழ் காணாமல் போவதை வகுப்பறையிலேயே ஒரு தடவை பார்த்துவிட்ட பிள்ளை, மேடையில் பார்த்துப் பதறாது.

கல்லூரிகளுக்கு: உங்கள் டெம்ப்ளேட்டை யூனிக்கோடில், தீம் நிறங்களில் திருத்திக் கொடுங்கள். முதல் ஸ்லைடுக்குப் பின்னால் மாதிரி பாக்ஸ்கள் நாலைந்து வைத்து ஒரு ஸ்லைடும் சேர்த்துவிடுங்கள். மாணவர்கள் அதிலிருந்து பிரஷால் எடுத்துக்கொள்வார்கள். மேடைக் கணினியில் எழுத்துரு இல்லாமல் போகும் என்ற பயம் இருந்தால், ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போய் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்துவிடும் வசதி இருக்கிறது. ஒரு துறையில் ஒருவர் ஒரு மதியம் உட்கார்ந்தால் முடிகிற வேலை.

உங்களுக்கு: கல்விப் பக்கத்தின் ஒரு மூலையில் வாரம் ஒன்றாக இப்படிப்பட்ட கைவேலைகளைப் போடுங்கள். பிரஷ், தீம் நிறம், ஸ்லைடு மாஸ்டர், வேர்டில் ஹெடிங் ஸ்டைல், எக்ஸலில் அதே பிரஷ் செய்கிற வேலை, இப்படி நிறைய இருக்கிறது. எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம். பாக்ஸ் கணக்கில் கூலி வாங்குகிற எனக்கு இதனால் வருமானம் குறையும் என்று வீட்டில் சொல்கிறார்கள். குறையட்டும். அந்தப் பிள்ளை இரவு பத்து மணிக்கு மேல் என் கடையில் உட்கார்ந்து பச்சை தேட வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய்த் தன் ஆய்வுக்கு வரப்போகிற கேள்விகளைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
கணினி மையம் நடத்தும் வாசகி,
காரைக்குடி.